வெறும் தண்ணீரில் ஒரு கோடு

என் மனைவிக்கு நான் வைத்த பெயர் நகல்காரி. கோபித்துக்கொள்ள மாட்டாள், வேலையே அதுதான். ஆறும் கடலும் கரையில் ஒதுக்கிவிட்டுப் போகிற, பேர் தெரியாத உடல்களின் பல்லும் எலும்பும் அவளுடைய ஆய்வகத்துக்கு வரும். மாவாக அரைத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, விரல்நுனி அளவுக் குப்பியில் போட்டு இயந்திரத்தில் வைப்பாள். சூடாக்கினால் இழை இரண்டாகப் பிரியும். ஆறவிட்டால் ஒவ்வொன்றும் தனக்கொரு ஜோடியைக் கட்டிக்கொள்ளும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பொழுது சாய்வதற்குள் கோடி கோடியாகிவிடும். அந்த இயந்திரத்தின் முனகலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தால் கண் திறந்திருக்கும்போதே கனவு வருமாம். வீட்டிலும் அப்படித்தான். பால் பொங்கி வழியும், மகாராணி ஜன்னலுக்கு வெளியே மிதந்துகொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கனவில் வருகிறவன் யாரென்று எனக்குத் தெரியும். என் மைத்துனன், அவளுடைய ஒரே தம்பி. படகில் போனவன் திரும்பவில்லை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து போய்ப் பார்க்கிறார்.

ஒருநாள் வந்த முன்பல் ஒன்று ஓரத்தில் லேசாக உடைந்திருந்தது. மைத்துனனுக்கும் அப்படித்தான். நகல்காரி முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, திறந்திருந்த குப்பிகளின் மேல் குனிந்து, "தம்பி, நீயாடா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த வேலையில் இருக்கிற யாரும் செய்யக் கூடாத காரியம்.

ஒவ்வொரு தடவையும் பல்மாவு சேராத, வெறும் தண்ணீர்க் குப்பி ஒன்றும் கூடவே ஓடும். முடிந்ததும் ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டை ஜெல்லிப் பலகையில் தனித்தனித் தடமாக ஓடவிட்டு நீல விளக்கில் பார்த்தால், டி.என்.ஏ. பெருகிய தடத்தில் கோடு ஒளிரும். பல்லின் தடத்தில் ஒளிரலாம். தண்ணீரின் தடம் இருட்டாகவே இருக்க வேண்டும். அவள் பல்லின் கோட்டை மட்டும் பார்த்தாள். எழுத்தெழுத்தாகப் படிக்கிற இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டாள். அவள் பெருக்கியிருந்தது டி.என்.ஏ.வில் தாய்வழியாக வருகிற பகுதி. மாமியாரின் எச்சிலிலிருந்து முன்பே படித்து வைத்திருந்ததோடு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொருந்தியது. எனக்கு ஃபோன் செய்து தம்பி கிடைத்துவிட்டான் என்றாள். லீவுக்கு வந்திறங்கியவனைச் சொல்வதுபோல் அவ்வளவு மெதுவாக, இனிப்பாகச் சொன்னாள்.

ஆய்வகத் தலைவிதான் தண்ணீரின் தடத்தைக் காட்டினார். அதிலும் மெல்லியதாக ஒரு கோடு. தாய்வழிப் பகுதி அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்றேதான். இவள் கேட்ட கேள்வியோடு எச்சில் தெறித்து, இவளே குப்பிக்குள் கோடி கோடியாகப் பெருகியிருந்தாள். மிச்சமிருந்த மாவை வேறொருவர் கையால் மறுபடி செய்தார்கள். பல் வேறு யாருடையதோ.

பல் அவனுடையது இல்லை என்று மாமியாரிடம் நான்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அவன் இல்லேல்ல? அப்போ எங்கயோ நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

நகல்காரி கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உனக்கும் நிம்மதிதானே என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இல்லீங்க. அது அவனா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். பொணமாவாவது கிடைக்கட்டும்னு. இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

சொல்லவே வேண்டாம் என்றேன். அடுத்த அறையில் மாமியார், வெயிலில் போடுவதற்காக அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.