பிரிட்ஜ் பக்கம் போன கை

திண்டிவனத்தில் அந்தக் கல்யாண மண்டபம் இன்னும் இருக்கிறது. ஊருக்குள் போகும் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரமாக உட்கார்ந்து அதை ஒருமுறை பார்த்துவிடுவேன். பெயிண்ட் மாறிவிட்டது. வாசலில் சீரியல் பல்பு எரிந்தால் மட்டும், இறங்கி உள்ளே போய்விடலாமா என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்ளும்.

அண்ணன் நடத்திய மெல்லிசைக் குழுவில் நான்தான் பேஸ் கிடார். அண்ணன் கீபோர்டு. விழுப்புரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் வாசித்துப் பழகியவள் நான். அங்கே பேஸ் சத்தம் பாட்டுக்கு அடியில் மெத்தை மாதிரி கிடந்தால் போதும். கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிந்தால் முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பி முறைப்பார்கள். அதனால் வலது கையைக் கிடாரின் கழுத்து ஆரம்பிக்கிற இடத்திலேயே வைத்துக் கம்பியைச் சுண்டுவேன். அங்கே கம்பி தாராளமாக ஆடும், சத்தம் உருண்டையாக, குழைவாக வரும். அந்தக் குழைவின்மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

கல்யாண மண்டபங்களில் அது எடுபடவில்லை. எல்லாப் பாட்டும் 'கும்' என்று ஒரே இரைச்சலாகிவிடும். சவுண்ட் சர்வீஸ்காரர் பேஸைக் கூட்டுவார்; இரைச்சல்தான் கூடும். எல்லாருமாகச் சேர்ந்து ஸ்பீக்கர் பாக்ஸைத் திட்டுவோம். கடைசியில் அண்ணன் தன் இடது கையால் கீபோர்டிலேயே பேஸையும் வாசிக்கத் தொடங்கினான். நான் பக்கத்தில் ஒப்புக்குச் சப்பாணியாக நின்றேன்.

அன்று திண்டிவனம் போகும் வழியில், கூட்டேரிப்பட்டில் டீக்கு வேனை நிறுத்தியபோது அண்ணன் ஆரம்பித்தான்.

"நீ வாசிக்கிறது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல பாப்பா. ஜனத்துக்கு இன்னா கேக்கப் போவுது? இன்னியோட நிறுத்திக்க. நான் லெப்ட் ஹேண்டுலயே சமாளிச்சிக்கினு போறேன்."

"பாக்ஸு சரியில்லன்னா நான் இன்னாண்ணா பண்ணுவேன்?"

அவன் டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டான். ஜவுளிக்கடையில் வாரமெல்லாம் புடவையை விரித்து மடித்த தோளில் அந்தக் கிடார் ஏறினால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த மாதிரி இருக்கும். அதைத்தான் நிறுத்தச் சொல்கிறான்.

மண்டபத்தில் பெண் மாப்பிள்ளையோடு போட்டோ எடுக்க நீள வரிசை. கிப்ட் பொட்டலங்களோடு எங்களை உரசிக்கொண்டுதான் மேடையேறினார்கள். ஒரு அம்மாவின் கொண்டையில் என் கிடாரின் நுனி மாட்டி, மல்லிகைச் சரம் பாதி அதோடேயே வந்துவிட்டது.

"இன்னாம்மா, தலப்பூவப் புடுங்குற! மேல தூக்கிப் புடிம்மா அத!"

கிடாரைக் கிட்டத்தட்ட நட்டுக்குத்தலாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வாசித்தேன். வலது கை தானாகக் கீழே இறங்கி, கம்பிகள் முடிகிற பிரிட்ஜ் அருகில் போய் நின்றது. அங்கே கம்பி விறைப்பு, விரல் எரிந்தது. ஆனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கறாராக, பந்தி நடக்கும் பக்கம் வரை போய் விழுந்தது. என் செல்லக் குழைவு போய்விட்டதே என்று ஒரு நிமிஷம் துக்கமாகக்கூட இருந்தது. பாக்ஸின்மேல் ஒரு குற்றமும் இல்லை. சர்ச்சுக்கு வைத்த கையை அப்படியே கல்யாணத்துக்கும் கொண்டுவந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அண்ணன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். என் கையைப் பார்த்தான். ரெண்டாவது சரணம் தொடங்கும்போது இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தான். கர்ச்சீப்பை உருவி, முகத்தைத் துடைத்து, மடித்துப் பையில் வைத்தான். அந்தக் கை பையிலேயே இருந்துவிட்டது. பாட்டின் அடிப்பக்கம் முழுக்க இப்போது என் பொறுப்பு. எனக்குக் கண் நிறைந்து எதிரே இருந்த வரிசையே மங்கிவிட்டது. தாளத்தை மட்டும் விடவில்லை.