பாறையில் வெட்டிய பீலி

புதுக்குடியிருப்பில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்து நாகரிகம் படிப்பிக்கிறேன். குடைவரைக் கோயில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தூணைக் கொண்டுவந்து நடவில்லை, சுற்றியிருந்த கல்லைக் குறைத்துத் தூணை மிச்சம் விட்டார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்வேன். அதற்கும் முன்னே துறவிகள் தங்கிய குகைகள். குகையின் நெற்றியில் கூரையில் தண்ணீர் பிடிக்கும் பீலி மாதிரி நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். வழிந்துவரும் மழைநீர் அதில் தட்டி வெளியே சொட்டும். பழமைக்கு அதுவே அடையாளம் என்பேன். எல்லாம் படத்தில் பார்த்ததுதான்.

போன மாரியில் பக்கத்துக் காணி அக்கா என்னைத் தன் வயலுக்குப் பின்னால் உள்ள பாறைக்கு, அது பழசா என்று பார்த்துச் சொல்லக் கூட்டிப்போனார். கல் உடைக்கிறவர்கள் அந்தப் பாறையைக் கேட்டிருந்தார்கள். பழங்காலத்துப் பாறை என்றால் உடைக்கமாட்டார்கள், ஆனால் தொல்பொருள் திணைக்களத்தார் வேலி அடைத்து ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ அவரைப் பயப்படுத்தியிருந்தார்கள். யுத்தகால இடப்பெயர்வில் அக்காவின் குடும்பம் அந்தப் பாறையின் கீழேதான் இருந்தது. அவருடைய அப்பா மலேரியாவில் இறந்ததும் அங்கேதான். ஆண்டுதோறும் அக்கா அங்கே விளக்கு வைப்பார்.

அண்ணாந்து பார்த்தேன். பாறையின் நெற்றியில் காடி! பழசுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இந்தப் பீலி அப்பா கொத்தினது, ரீச்சர். மழைக்கு நாங்கள் நனையாமல் இருக்க."

எட்டித் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் உளியடி கரடுமுரடாக இருந்தது, மற்றப் பக்கம் அம்மிபோல வழுவழுப்பு. முன்பே இருந்த காடியை அவர் நீட்டினாரா? இல்லை, முழுவதும் அவர் வேலைதானா? தான் அப்போது சின்னப்பிள்ளை, கொத்தும் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது என்றார் அக்கா. படித்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது, செத்துப்போன அந்த மனிதர்மேலும்கூட. இவ்வளவு சரியாக வெட்ட அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

மழை பிடித்துக்கொண்டது. இருவரும் உள்ளே ஒதுங்கினோம். பாறையில் வழிந்த தண்ணீர் காடியில் தட்டி எங்கள் காலுக்கு அப்பால் விழுந்தது. கரடான பக்கமும் வழுவழுப்பான பக்கமும் ஒரே மாதிரித்தான் சொட்டின.

"பழசெண்டு சொல்லுங்கோ ரீச்சர். உடைக்காமல் விட்டால் அதுவே காணும்" என்றார் அக்கா. பிறகு மெதுவாகக் கேட்டார்: "பழசெண்டால், அப்பா கொத்தினதையும் அதிலை சேர்ப்பினமோ?"

தெரியாதக்கா என்றேன். மழை விடும்வரை அங்கேயே நின்றோம். எங்கள்மேல் ஒரு துளியும் படவில்லை.