இடம் மாறி நின்ற இரண்டு வட்டங்கள்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி. டிப்ளமோ முடித்துவிட்டு வந்த சூப்பர்வைசர். இரும்பு வார்ப்புகளில் சுண்ணாம்பு பூசி, சூப்பர்வைசர் டிராயிங் பார்த்துச் சொல்லும் இடத்தில் துளைக்குக் கீறிக் கொடுக்கும் அக்கா. டிரில்லிங் மிஷினில் நான். தொண்ணூற்று நான்கோ ஐந்தோ இருக்கும். கோவை ஆவாரம்பாளையம்.

வெளிநாட்டுக்கு மிஷின் அனுப்பும் ஒரு கம்பெனி முதல்முறையாக எங்களுக்கு வேலை கொடுத்திருந்தது. நூறு வார்ப்புகள். முன்பக்கம் பின்பக்கம் வேறு வேறு; இடது வலது இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதில் ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணெய்த் துளை. சரியாகக் கொடுத்தால் தொடர்ந்து வேலை வரும். இல்லாவிட்டால் அதோடு சரி. முதலாளி காலையிலிருந்து உட்காரவே இல்லை.

நான் ஆறாவதோடு நின்றவன். டிராயிங்கில் இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஓடாது. படத்தை மட்டும் பார்ப்பேன். டீ குடித்துவிட்டு வந்து மிஷினைப் போட்டபோது, தாளின் மூலையில் இருந்த சின்னப் படம் கண்ணில் பட்டது. நுனி வெட்டிய கூம்பு ஒன்று. பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். எல்லா டிராயிங்கிலும் இருப்பதுதான். ஆனால் வட்டங்கள் எப்போதும் கூம்பின் அகலமான பக்கம் நிற்கும். இதில் குறுகலான பக்கம் நின்றன.

என்ன அர்த்தம் என்று தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது.

கேட்டிருக்கலாம். முந்தின வாரம் ஒரு சந்தேகம் கேட்டதற்கு சூப்பர்வைசர், "ஏனுங்ண்ணா, ஓட்டைய நீங்க போடுங்க, ரோசனைய நான் பண்ணிக்கறேன்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தார். மரியாதையாகத்தான் சொன்னார். அது உள்ளே கிடந்தது. வாயை மூடிக்கொண்டு அடுத்த வார்ப்பை எடுத்தேன். அதற்கடுத்ததையும். கை வேலை செய்தது. கண் அந்த மூலைக்கே போய்வந்தது.

அக்கா கவனித்துவிட்டார். "ஏனுங்க, அந்தக் காயிதத்தப் பொண்ணு போட்டோவாட்டப் பாக்கறீங்க? புடிச்சிருக்கா இல்லீங்களா, சொல்லிப்போடுங்க."

"புடிக்கலீங்க" என்றேன். மிஷினை நிறுத்தினேன். பழைய டிராயிங் ஒன்றையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அவர் உடனே கம்பெனிக்கு போன் போட்டார். வைத்துவிட்டு எங்களிடம் வந்து சொன்னார்.

"அமெரிக்கக்காரன் வரைஞ்சதாமா. நம்ம டிராயிங்குல வலது பக்கம் இருக்கற படம், வார்ப்போட இடது பக்கத்தக் காட்டும். அவங்களுதுல வலதுன்னா வலதேதானாமா. எந்த முறைன்னு சொல்றதுக்குத்தான் அந்த மூலைப் படம்."

போட்ட துளை அத்தனையும் இடது பக்கம். இரும்பில் போட்ட துளையை அழிக்க முடியாது.

சூப்பர்வைசர் சுவரில் சாய்ந்துவிட்டார். "படிச்சனுங்க. ரெண்டு முறையும் படிச்சனுங்க. பரீட்சையோட மறந்துபோட்டனுங்க" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க எப்பங்க பாத்தீங்க?"

"இப்பத்தானுங்க" என்றேன்.

"நல்லவேளை, மீதியாவது பொழச்சுது" என்று என் தோளைத் தட்டினார். அப்படியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய், நடந்ததைச் சொல்லிக் கெஞ்சி, மாற்று வார்ப்புகள் வாங்கி வந்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்களாம். வேலை கை நழுவவில்லை. அன்றிலிருந்து எந்த டிராயிங் வந்தாலும் சூப்பர்வைசர் முதலில் என்னிடம் கொண்டுவந்து, "ஒருக்காப் பாத்துச் சொல்லுங்ண்ணா" என்பார். எனக்குத் தாளை வாங்கக் கை கூசும்.

இன்றும் யாராவது என்னைக் கவனமான ஆள் என்று சொன்னால் மனசு ஒரு இடத்தில் நிற்பதில்லை. அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, வீணாய்ப்போன குவியலில் டீக்குப் பிறகு போட்டு மேலே அடுக்கியவற்றை நான் தனியாகப் பிரித்து எண்ணினேன். சந்தேகம் வந்த பிறகும் வாயைத் திறக்காமல் நான் துளை போட்டவை, இருபத்தாறு.