பிரம்பு நாற்காலியும் ஆறு வித்தியாசமும்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்ப முடியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு சினிமாச் செய்தி படிக்கப் போகலாம். உங்களுக்கு அதுதான் சரிப்படும்.

பேய்க் கதை எழுதுகிறவர்கள் என்றாலே எனக்கு இளக்காரம். நடுநிசி, மழை, மின்வெட்டு, ஊளையிடும் நாய், வெள்ளைப் புடவை... இவை இல்லாவிட்டால் அந்தப் புளுகு மூட்டைகளுக்குக் கை ஓடாது. எனக்கு நடந்தபோது எந்த நாயும் குரைக்கவில்லை. மின்சாரம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பட்டப்பகல். எதிர்வீட்டில் டிவியில் பந்தாட்டம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வார இதழில் கடைசிக்கு முந்தைய பக்கம் என்னுடையது. ‘இரண்டு படங்களுக்கும் இடையே ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடியுங்கள்.’ பல் மருத்துவரிடம் காத்திருக்கும்போது பேனாவால் வட்டம் போட்டிருப்பீர்களே, அதே பக்கம்தான்.

மற்ற இதழ்களில் ஒரு படத்தை வரைந்து, நகலெடுத்து, கம்ப்யூட்டரில் ஆறு இடத்தில் அழித்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறார்கள். சோம்பேறிகள். நான் நிஜ அறையைப் புகைப்படம் எடுப்பேன். கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களையும் டேப் போட்டுத் தரையோடு ஒட்டுவேன். ஒரு படம். பிறகு என் கையாலேயே ஆறு பொருள்களை மாற்றி வைப்பேன். கோப்பையின் கைப்பிடி இந்தப் பக்கம், திரைச்சீலையில் ஒரு மடிப்பு கூடுதல், அப்படி. பிறகு இரண்டாவது படம். பெரும்பாலும் என் வீட்டு அறைகளைத்தான் எடுப்பேன். தனிக்கட்டை, வீட்டை உருட்டினால் கேட்க ஆளில்லை.

இத்தனை உழைப்பும் யாருக்கு? பெண்டாட்டி முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்தால் ஒரு வாரம் கழித்து ‘என்னமோ மாதிரி இருக்கியே’ என்று கேட்கிற ஜென்மங்களுக்கு. தினமும் நடக்கிற தெருவில் ஒரு கதவுக்குப் புதுச் சாயம் அடித்தால் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குக் கண் அப்படி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கம் அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். அந்த வேலைக்கு நான் பிடித்து வைத்திருந்தது வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணை. நாள் முழுக்கக் கொட்டாவி விடுவாள், அதனால் கொட்டாவி என்றே பெயர். அவளே ஆறையும் கண்டுபிடித்துவிட்டால் எந்த மண்டூகமும் கண்டுபிடித்துவிடும் என்பது என் கணக்கு. படத்தை வாங்குவாள், நகத்தால் ஆறு இடத்தில் தட்டுவாள், திருப்பித் தந்துவிட்டு வாயைப் பிளப்பாள். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

இனி அக்கா. அவள் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்தில் பாதி நாள் கடலில். அக்காவும் ஆறு வயது மகளும்தான் வீட்டில். அந்தப் பிள்ளைக்கு நான் வைத்த பெயர் வாலு. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததே நான்தான். காற்று வரும், வெளிச்சம் வரும், பள்ளிக்கூடம் பக்கம். குடிவந்து இரண்டு மாதத்தில் ஆரம்பித்தாள்.

“யாரோ இருக்காங்கடா இந்த வீட்டுல.”

“யாரு?”

“தெரியல. வச்ச பொருள் வச்ச இடத்துல இல்ல. சாத்தின கதவு திறந்திருக்கு. ஞாயித்துக்கிழமைதான் ரொம்ப.”

“பேய்க்கும் வார லீவா? பரவாயில்லையே.”

அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அங்கே சாப்பிடப் போவேன். போகும்போதெல்லாம் இதே புலம்பல். கரப்பான் பூச்சியைக் கண்டாலே கட்டில் மேல் ஏறுகிறவள் என்று நான் காதில் வாங்கவில்லை. ஆனால் அன்றைக்கு வேறு மாதிரி பேசினாள்.

“எனக்குப் பயம் எனக்காக இல்ல. வாலு தூக்கத்துல நகர்ந்து இடம் விட்டுப் படுக்கறா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. நான் காலி பண்றேன்.”

எனக்குச் சுருக்கென்றது. பயத்தால் அல்ல, கோபத்தால். நான் பார்த்துக் கொடுத்த வீட்டைக் குறை சொல்வதா?

“நான் படம் எடுத்துக் காட்டறேன். ஒரு துரும்பு நகர்ந்திருந்தாலும் என் மீசைய எடுத்துடறேன்.”

கூடத்தில் ஸ்டாண்டை நிறுத்தினேன். டேப் ஒட்டினேன். எதிரே சோபா, அலமாரி, பூச்சாடி, வாலுவின் ஒற்றைச் செருப்பு, நடுவில் ஒரு பழைய பிரம்பு நாற்காலி. அக்காவையும் வாலுவையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு முதல் படம் எடுத்தேன். ஜன்னல்களைத் தாழிட்டேன். கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று பேரும் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் தாழும் முன் திரும்பினோம்.

அக்கா வாசல்படி ஏற மறுத்தாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

கூடம் அப்படியே இருந்தது. கேமராவும் அப்படியே. இரண்டாவது படம் எடுத்தேன்.

வித்தியாசம் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கேமரா திரையில் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். முதல் படம், இரண்டாவது படம். முதல், இரண்டாவது. மாறாதது அப்படியே நிற்கும். மாறியது மட்டும் துள்ளும்.

தட்டினேன்.

எதுவும் துள்ளவில்லை. வெளிச்சம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். செருப்பு அதே கோணம். பூச்சாடி அதே இடம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். “வந்து பாருக்கா, உன் பேயோட லட்சணத்த!” என்று வாசல் பக்கம் கத்தினேன்.

இன்னொரு முறை தட்டினேன்.

ஏதோ துள்ளியது.

மிகச் சின்னதாக. படத்தின் நடுவில்.

பெரிதாக்கிப் பார்த்தேன். பிரம்பு நாற்காலி. இரண்டாவது படத்தில் அதன் பின்னல் தட்டையாக, விறைப்பாக இருந்தது. முதல் படத்தில்... பள்ளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் உட்கார்ந்தால் தொங்குமே, அப்படி.

முதல் படம் எடுத்தபோது அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பழைய பிரம்பு, வெயிலில் இறுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயில் அந்த இடத்துக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பிழிந்து, காயப்போட மறந்த துணியின் வாசனை.

என் பின்னாலிருந்து.

எதிர்வீட்டுக் கூச்சல் கேட்கவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

காதருகே... மூச்சு.

அவசரமில்லாத மூச்சு. நான் பார்த்துக்கொண்டிருந்த படத்தை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிற மாதிரி.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

தப்... தப்... தப்...

வெறுங்கால். ஈரக்கால். என்னைத் தாண்டிப் போனது.

தரையில் ஒன்றுமில்லை.

நாற்காலி வரை போய் நின்றது.

க்ரீச்ச்ச்...

என் கண் முன்னால், அந்தப் பின்னல், மெல்ல... மெல்லக் கீழே இறங்கியது.

கேமராவை ஸ்டாண்டோடு பிடுங்கிக்கொண்டு பின்னங்கால் பிடரியில் பட ஓடினேன். வாசலில் அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னடா?”

“வா. என் வீட்டுக்குப் போலாம்.”

“துணிமணி?”

“அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்ப மீசை?”

“எடுத்துடறேன். நட.”

வாலுவைத் தூக்கிக்கொண்டேன். இரண்டு தெருவும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். என் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தேன். மறுநாள் காலையில் மீசை இல்லாத முகத்தோடு அலுவலகம் போனபோது ஆசிரியர் என்னைப் பார்த்துக் கால்மணி நேரம் சிரித்தார். அவருக்கு வேறென்ன தெரியும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நான் பயத்தில் உளறுகிறேனா, படத்தில் நிஜமாகவே பள்ளம் இருக்கிறதா? அச்செடுத்த இரண்டு படங்களையும் ஒன்றும் சொல்லாமல் கொட்டாவியிடம் நீட்டினேன். இடது பக்கம் முதல் படம், வலது பக்கம் இரண்டாவது.

வெகுநேரம் பார்த்தாள்.

“சார், ஒண்ணுதான் இருக்கு.”

“எது?”

நகத்தால் நாற்காலியைத் தட்டினாள். “இதுல அந்தம்மா உக்காந்திருக்காங்க. இதுல இல்ல.”

படத்தைப் பிடுங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். வெறும் நாற்காலியை விட்டால் என் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு நிம்மதி. அது இருந்தது அந்த வீட்டில். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். பிள்ளை தப்பித்தது. அக்கா சொன்னதை இத்தனை நாள் எள்ளி நகையாடிய எனக்கு அந்த நிம்மதியே அதிகம்.

அந்த வாரப் பக்கத்துக்குப் படம் வேண்டுமே. புதன்கிழமை மத்தியானம் என் படுக்கையறையிலேயே எடுத்தேன். அந்த வாரம் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்த வாலு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கும் பிள்ளையும் படத்துக்கு அழகுதான் என்று விட்டுவிட்டேன். ஆறு பொருள் மாற்றினேன். வாசனை இல்லை, சத்தம் இல்லை. இரண்டு படத்தையும் முப்பது தடவையாவது தட்டிப் பார்த்தேன். நான் மாற்றிய ஆறு மட்டுமே துள்ளின.

வியாழக்கிழமை கொட்டாவியிடம் கொடுத்தேன். தட்டினாள். ஆறு.

“வேற இல்லையே?”

“இல்ல சார். ஆறுதான்.”

பெருமூச்சு விட்டேன். என்னை அறியாமல் சிரிப்பு வந்தது. “நல்ல வேள. அந்தம்மா இதுல இல்ல.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கொட்டாவிகூட விடவில்லை.

“இருக்காங்களே சார்.”

“எங்க?”

“ரெண்டுலயும் இருக்காங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் உக்காந்திருக்காங்க. மாறலையே, அதனால எண்ணல.”

“எங்கன்னு கேட்டேன்.”

நகம் கட்டிலுக்குப் போனது. வாலுவின் தலைமாட்டுக்கு.

“எப்பவும் சுவரோரமா நிப்பாங்க. இந்த வாரந்தான் கட்டில்ல உக்காந்திருக்காங்க.”

“எப்பவுமா?”

“நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து பாக்கறேன். நீங்க எடுக்கற எல்லாப் படத்துலயும் இருக்காங்க. உங்க வீட்டு ஆளுன்னு நினைச்சேன்.” கொஞ்சம் தயங்கினாள். “இல்லையா சார்?”

அவள் சேர்ந்து மூன்று வருடம். வாரம் ஒரு பக்கம். லட்சம் பிரதி. அத்தனை பேரும் பார்த்துவிட்டுத்தான் ஆறு வட்டம் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நாங்கள் கேட்டது வித்தியாசத்தை மட்டும்தானே.

நான் வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனையில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். வாலுவை எழுப்பித் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வா, பழைய வீட்டுக்கே போ, ஏன் என்று கேட்காதே என்றேன். அவள் அழுதாள், திட்டினாள், பிறகு போனாள். அவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது நான் எதிர்ப்பக்கம் கடைக்குள் ஒதுங்கிக்கொண்டேன். வாலு தூக்கக் கலக்கத்தில் அம்மாவின் தோளில் கிடந்தாள். கிட்டே போய்த் தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

நாலு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அக்காவுக்கு என் மேல் வருத்தம். போன வாரம் அவளே கூப்பிட்டாள்.

“எல்லாம் சரியாப் போச்சுடா. இப்பல்லாம் ஒண்ணுமே நகர்றதில்ல. வாலு கட்டில் முழுக்கப் புரண்டு தூங்கறா. நீ சொன்ன மாதிரி நல்ல வீடுதான்.”

“ம்.”

“உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா. நீ எப்ப வர?”

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.