பிரிட்ஜுக்கு மேல் இருந்த ஸ்டொப் வாட்ச்

பழைய ஸ்டொப் வாட்ச் சேர்க்கிற எங்கள் கூட்டத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரல் தானாகப் போய் மேலே உள்ள குமிழை அமுக்கும். ஒருதரம் அமுக்கினால் ஓடும், மறுதரம் நிற்கும், மூன்றாம் தரம் முள் பறந்து பூச்சியத்துக்கு வரும். அது நேராக வந்து நிற்கிறதா என்று பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. விசர் வேலைதான், என்ன செய்வது?

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பிள்ளைகள் கனடாவில். மனைவி போனபிறகு வீட்டில் சத்தம் என்றால் ரயிலும் இந்தச் சாமான்களின் டிக் டிக்கும்தான்.

அவளுக்கு என் சேகரிப்பில் துளியும் மரியாதை இருந்ததில்லை. ஒன்றை மட்டும் எடுத்து பிரிட்ஜுக்கு மேல் வைத்திருந்தாள். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று நான் கடைக்கு இறங்கினால் அமுக்குவாள். திரும்பி வந்து கதவைத் தட்டியதும் நிறுத்தி, முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

"பத்து நிமிசமாம். வடிவாப் பாருங்கோ."

காலி வீதியில் யாரையாவது கண்டு கதைத்துக்கொண்டு நின்றிருப்பேன். எனக்கு எரிச்சலாக வரும். அவள் இருக்கும்போது கடைசியாக நான் பேக்கரியில் பாண் வாங்கி வந்த அன்று அரை மணித்தியாலத்துக்குக் கிட்டக் காட்டியது. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அவள் திரும்பி வரவில்லை. அவள் விரல் நிறுத்திய இடத்திலேயே முள் நின்றது. நான் தொடவேயில்லை. தூசி தட்டும்போதும் சுற்றிவரத்தான் துடைப்பேன்.

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் என் சேகரிப்பைப் பார்க்க வந்தார். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், என்னைப்போல இந்தப் பைத்தியம் பிடித்தவர். வாய் ஓயாமல் கதைத்தோம். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வீட்டில் மனிதக் குரல் கேட்டதில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அவரைச் சாப்பாட்டு மேசையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். பிரிட்ஜும் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது என்பது நினைவில் இல்லை. முதுகுக்குப் பின்னால் டக் என்று கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

"சோக்கா பூச்சியத்துக்கு வருது அண்ணே. இத எங்க எடுத்தீங்க?"

பாவம், அந்த மனிதரில் கோபிக்க ஏலாது. நானாக இருந்தாலும் அமுக்கியிருப்பேன்.

"என்ர மனுசியின்ர" என்றேன். பிறகு சீனி போதுமா என்று கேட்டேன்.

அவர் போனதும் அழுதேன். கண் கலங்கியது என்று நாகரிகமாகச் சொல்லப் போவதில்லை, குழறி அழுதேன்.

மறுநாள் காலை பாண் வாங்க வெளிக்கிட்டபோது அதை எடுத்து முறுக்கினேன். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று வெறும் வீட்டுக்குச் சொல்லி அமுக்கிவிட்டு இறங்கினேன். வழியில் ஒருவரும் மறித்துக் கதைக்கவில்லை. நேரே போய் நேரே வந்தேன். சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

வந்து கதவைத் தட்டினேன். தட்டிவிட்டுக் கொஞ்சநேரம் நின்ற பிறகுதான் சட்டைப்பையில் கதவுத் திறப்பைத் தேடினேன். உள்ளே அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.