அரண்மனைச் சுவரில் நாத்தனார் முகம்

என் கணவரின் தங்கைக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் மகனின் கல்யாணப் பத்திரிகையில் அத்தை என்று அவள் பெயர் போட விட்டுப்போயிற்று. அச்சுக்காரன் தப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் நான்தான் மறந்தேன். அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரண்மனை ஓவியச் சுற்றுலா வந்தது. அந்தக் காலத்து ராணி ஒருவரைக் கௌரவிக்க, ஊர் ஊராகப் பெண்களிடம் அவர் படத்தை வரையச் சொல்லி, தேர்ந்தவற்றைப் பழைய மர அரண்மனையில் மாட்டினார்கள். வரைந்தவர்கள் கூட்டத்தோடு வந்து பார்க்கலாம். ராணிக்குப் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. தோன்றுகிற மாதிரி வரையுங்கள் என்று எங்களுக்குத் தெமியாங் ஊரில் ஓவிய வகுப்பெடுத்த டீச்சர் சொல்லிவிட்டார். சுவா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்கு ராணி முகம் எங்கிருந்து தோன்றும்? யாருக்கும் அடங்காத ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். தாடை வந்தது, மூக்கு வந்தது, வலது கன்னத்து மச்சமும் தானாக வந்து உட்கார்ந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய் நாத்தனாராக முடிந்தது. அழிக்க மனம் வரவில்லை. என் கையில் அவ்வளவு நன்றாக வேறெதுவும் வந்ததில்லை. அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

என் படம் சுவரில் தொங்குவதை நான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் பார்க்கவே கூடாது. இந்த இரண்டும்தான் என் வேண்டுதல். ஆனால் எங்கள் மகளிர் குழுவில் அவளும் இருக்கிறாளே! முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள்.

குழுத் தலைவி என்ற முறையில், எல்லோரும் மஞ்சள் சேலை கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கட்டளை போட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிறோம், மஞ்சள்தானே மங்களம்? நான் சொன்னேன் என்பதற்காகவே அவள் கத்தரிப்பூ நிறத்தில் வந்தாள். பன்னிரண்டு மஞ்சளுக்கு நடுவில் ஒரு கத்தரிக்காய். பஸ்ஸில் நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அரண்மனை வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா மறித்தார். நல்ல மனிதர், மலாயில் கெஞ்சாத குறையாகச் சொன்னார். மஞ்சள் அரச குடும்பத்தின் நிறமாம், வேறு யாரும் அதை உடுத்தி உள்ளே போகக் கூடாதாம். அழைப்புக் கடிதத்திலேயே இருக்கிறதாம். நான் அந்தக் கடிதத்தை மத்தியானச் சாப்பாடு உண்டு என்ற வரி வரைக்கும்தான் படித்திருந்தேன்.

“மஞ்ச கட்டுங்க, மஞ்ச கட்டுங்கன்னு ஆர்டர் போட்டீங்களே, இப்ப பஸ்ஸுலயே உக்காந்து மொகத்த மொகம் பாத்துக்கிறதா லா?” என்றாள் மந்தின் ஊரிலிருந்து வந்தவள்.

ஜாகா கத்தரிப்பூ சேலையைக் காட்டி, இவர் மட்டும் போகலாம் என்றார். என் நாத்தனார் என்னை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே நடந்தாள். பார்க்க வேண்டியவள் வெளியே, பார்க்கக் கூடாதவள் உள்ளே.

அரை மணி நேரம் போனது. பஸ்ஸில் முறுக்கு டப்பா சுற்றி வந்தது. நான் எடுக்காமலே அடுத்தவளிடம் தள்ளினேன். பிறகு வந்தாள். நேராக என் இருக்கைக்கு முன் நின்றாள்.

“சேலையக் கழட்டுங்க.”

“என்னாது?”

“ஒங்களோடத எங்கிட்ட குடுத்துட்டு இதக் கட்டிக்கிட்டுப் போங்க. மூடப் போறானுங்க, சீக்கிரம் லா!”

டிரைவரை இறக்கிவிட்டு, திரையை இழுத்து, சேலையை மாற்றிக்கொண்டோம். அவள் ரவிக்கை எனக்குப் பற்றாது. என் மஞ்சள் ரவிக்கை தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஜாகா பார்த்தும் பார்க்காதது மாதிரி வானத்தைப் பார்த்தார்.

கூடத்தின் நடுச்சுவரில் என் படம். அந்தத் தாடை, அந்த மச்சம், என்னையே முறைத்தது. வழிகாட்டும் மலாய்ப் பெண் அருகில் வந்து, இப்போதுதான் ஒரு அம்மா இதன் முன்னால் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார் என்று சிரித்தாள்.

இது தன் முகம் என்று சண்டை போட்டாரா என்று கேட்டேன்.

“இல்லையே,” என்றாள். “எங்கள் அண்ணி வரைந்தது, எங்கள் அண்ணி வரைந்தது என்றுதான் சொன்னார்.”

அரண்மனை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அவள் சேலை என்றும் பாராமல் அந்த முந்தானையிலேயே மூக்கைச் சிந்தினேன்.