வேற்றுக்கிரக மாமா

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது வேற்றுக்கிரகத்தார் பூமியைப் பிடித்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்து டிவியில், நல்ல தமிழ் பேசிக்கொண்டு வந்து பிடித்தார்கள். அந்தத் தொடரை நானும் மாமாவும் ஒரு நாள் விடாமல் பார்த்தோம்.

மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் பெரணமல்லூர் போனவள், மாமாவின் செல்போன் கடை நொடித்துப்போனதும் அவரையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா நெய்வார், இன்னொன்றில் அத்தை. மாமாவையும் தறியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். மனிதர் இழை இழையாக அறுத்துத் தள்ளினார். பட்டு நூல் விற்கிற விலையில் அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு எழுப்பிவிட்டார். எழுந்தவர் நேராக டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

எனக்கு அதில் லாபம்தான். தொடரில் புரியாததை எல்லாம் அவர்தான் விளக்குவார். வந்தவர்கள் பார்க்க மனிதர்கள் போலவே இருப்பார்கள். உறவுக்காரர் மாதிரி ஒரு வீட்டுக்குள் நுழைந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி உப்பு. உப்பு உள்ளே போனால் கரைந்தே போவார்கள் என்பதால் உப்பில்லாச் சோறுதான் தின்பார்கள். தப்பிப் பிழைத்த மனிதர்கள் இடுப்பில் உப்புப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு காட்டில் திரிந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

"சோத்துல உப்பு போட்டுத் துன்றவரா இருந்தா, பொண்டாட்டி நெய்யறத பாத்துகினு இப்டி குந்திகினு இருப்பாரா?"

மாமா உப்பே தின்பதில்லை! அது அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது! உறவுக்காரராக வந்தது, சும்மா உட்கார்ந்திருப்பது, எல்லாம் அச்சாகப் பொருந்தியது. பயத்தைவிட எனக்கு வருத்தம்தான் அதிகம். எனக்கு மாமாவை அவ்வளவு பிடிக்கும். அந்த வீட்டில் என் கேள்விக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்ன ஒரே ஆள் அவர்.

இருந்தாலும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் மாமாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நானும் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன், அம்மா பரிமாறிவிட்டு உள்ளே போனாள். அத்தை இன்னும் தறியை விட்டு எழவில்லை. அப்பாவும் மாமாவும் டிவி பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ஒரு கை உப்பை அவர் ரசம் சோற்றில் போட்டுப் பிசைந்துவிட்டேன். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கரைந்துவிடக் கூடாது சாமி என்று வேண்டினேன்.

கண்ணைத் திறந்தபோது மாமா முதல் வாயை விழுங்கியிருந்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது. உள்ளேயிருந்து வந்த அம்மாவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். குனிந்து, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார்.

"ரசம் எப்டி கீது?" என்றாள் அம்மா.

"நல்லா கீதுங்க அக்கா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று குதித்தேன். "மாமா உப்பு போட்டுத் துன்னுட்டாரு! நான்தான் ஒரு கை போட்டேன், ஒண்ணுமே ஆவல! நீ சொன்னது பொய்யிம்மா. உப்பு போட்டுத் துன்றவரா இருந்தா இப்டி குந்திகினு இருப்பாரான்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொன்னியே!"

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மட்டும் சிரித்தார். "என்ன வேத்துக்கிரகம்னு நெனச்சியா கண்ணு? நமக்குப் பெரணமல்லூருதான்."

அத்தையின் தறிச் சத்தம் நின்றது. அவள் தறிக்குழியை விட்டு ஏறி வந்து கொடியில் கிடந்த தங்கள் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"கொழந்த இன்னாவோ ஒளறுது, நீ எதுக்கு..." என்றாள் அம்மா.

"கொழந்த ஒளறல அண்ணி. கேட்டதத்தான் சொல்லுது."

"முகூர்த்தத்துக்குக் குடுக்க வேண்டிய சேலைம்மா" என்றார் அப்பா.

"சேலை ஒடம்பு முடிஞ்சிட்ச்சிண்ணா. முந்தானிதான் பாக்கி. நீ நெய்ஞ்சிக்கோ."

சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். அத்தை பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மாமா தெருமுனையில் நின்று, இனிமேல் கதையை ஒழுங்காகப் பார்த்து வைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டுக்கு ஓடி வந்து டிவியைப் போட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னிடம் பேசவும் இல்லை. மாமா மனிதர்தான் என்று தெரிந்துபோன பிறகு அவர் எதற்காக வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.